கொடி பிடுங்குகிறவன்

எள்ளைவிடச் சிறியது.
மே மாதப் புல்லிலிருந்து ஏறி
முழங்காலின் பின்மடிப்பில் உட்கார்ந்துகொண்டது.
அன்று ஐம்பத்தெட்டு நிமிடத்தில் மலையேறி
முதலாவதாக வந்து
வென்ற கோப்பையிலேயே பீர் ஊற்றிக்
குடித்துக்கொண்டிருந்தேன் நான்.
உண்ணியும் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு காய்ச்சல்.
பிறகு மூளையின் உறையில் நெருப்பு.
லியூப்லியானா மருத்துவமனையில் நாற்பத்தொரு நாள்
கூரையின் வெடிப்பு ஒன்றைப் பார்த்துக் கிடந்தேன்.
அது ஒரு நதியைப்போல இருந்தது என்று சொல்ல ஆசைதான்.
வெடிப்பைப்போலத்தான் இருந்தது.

தரை, படகின் தளம் ஆனது.
இடது கைக்கு என் பேச்சு கேட்கவில்லை.
"யெர்னேயா, ஸ்பூனைப் பிடியுங்கள்" என்பாள்
பயிற்சி தர வரும் தாரிங்கா.
நான் முயன்றேன்.
ஸ்பூனுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

மூன்று வருடம்.
என் ஓட்டக் காலணி ஒன்றில்
காஷ்பெர் ஆணிகளைப் போட்டுவைத்திருந்தான்.
ஒருநாள் கத்தினேன்.
"எப்போது கேட்பாய் என்று பார்த்தேன்" என்று
ஆணிகளைக் கொட்டினான்.

இந்த மே.
சட்டையில் எண்ணைக் குத்திவிட்டதும் அவன்தான், கோணலாக.
இருநூற்றுப் பன்னிரண்டு.
முன்பெல்லாம் எனக்கு ஒற்றை இலக்கம்.

துப்பாக்கி வெடித்ததும்
எல்லா முதுகுகளும் ஒரே நேரத்தில் தெரிந்தன.
முதுகுகளை நான் ஒவ்வொன்றாகத்தான் அறிவேன்,
தாண்டுவதற்கு முந்திய ஒரு நொடி.

இரண்டாம் வளைவில், பீச் மரங்களுக்குக் கீழே, தனியானேன்.
அப்போதுதான் கேட்டது.
சளக்.
சற்றுப் பொறுத்து, இன்னொரு சளக்.
ஈர மண்ணிலிருந்து எதையோ பிடுங்கும் சத்தம்.

கழுத்தைத் திருப்பினால் மலையும் கூடவே திரும்பும்.
ஆகவே நின்று, முழு உடம்போடு திரும்பினேன்.
சிவப்புக் கொடிகளைச் சுள்ளிக் கட்டுபோல
அக்குளில் இடுக்கிய ஒரு பருத்த மனிதன்.

"போருட். மர அறுவை ஆலையில் வேலை.
கடைசி ஆளுக்குப் பின்னால் கொடி பிடுங்கி வருவேன்,
பதினோரு வருடமாக."
"அதில் ஏழு வருடம் ஜெயித்தது நான்."
"பட்டியலில் படித்திருக்கிறேன்" என்றான்.

"முந்திப் போங்கள், நான் மெதுவாக…"
"விதி இடம் தராது.
உங்களை முந்தினால் நானும் பந்தயத்தில் சேர்ந்துவிடுவேன்.
இந்த வயிற்றைப் பாருங்கள்."

நான் நடந்தால் நடந்தான். நின்றால் நின்றான்.
குனிந்து வாந்தியெடுத்தபோது
மறுபக்கம் திரும்பி ஒரு மரத்தின் பட்டையை ஆராய்ந்தான்,
விலை பேச வந்தவனைப்போல.

எனக்கு முன்னால் பாதை இருந்தது.
நான் கடந்த மறுநொடி
அது பாதையாக இருப்பதை விட்டுவிட்டது.
வெறும் வேர், வெறும் புல்,
புல்நுனியில் காத்திருக்கும் எள்ளுகள்.

ஏழு வருடம் நான் நாடாவை அறுத்த பிறகும்
பந்தயம் நடந்துகொண்டா இருந்தது?
நான் குளித்து, தலை துவட்டி, காரில் ஏறிய பிறகும்
யாரோ ஒருவர் இந்த ஏற்றத்தில்
இந்தச் சத்தத்தைக் கேட்டபடி?

உச்சிக் குடிலில் பெரிய கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள்.
சூப் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து
உள்ளங்கையில் எழுதினாள்: 2.43.
"நொடி?" என்றேன். பழக்கதோஷம்.
சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு
"பதினெட்டு" என்று சேர்த்துக்கொண்டாள்.

இறங்கும் வழியில் கொடிகளே இல்லை.
எல்லாம் போருட்டின் அக்குளில் பிதுங்கின.
"கொடுங்கள்" என்று இடது கையை நீட்டினேன்.
அவன் என் வலது கையைப் பார்த்தான்.
எதுவும் கேட்காமல் மூன்று தந்தான்.
விரல்கள் ஒவ்வொன்றாக, யோசித்து, மூடின.

பீச் மரங்களை நெருங்கும்போது ஒன்று நழுவியது.
அவன் குனியவில்லை.
விதிப்படி எனக்குப் பின்னாலேயே நின்றான்.
நான் திரும்பிப் போய் எடுத்தேன்.